கொக்குக்குப் போட்ட கட்டு

கொக்கின் வாயைக் கட்டிவிடுகிற ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியதும், அந்தத் தெருவில் கார் நிறுத்த இடமில்லாமல் போயிற்று. அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள். அதற்கும் அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள். வீட்டில் குளமே இல்லாத ஒருவர்கூட வந்து வரிசையில் நின்றார். "மந்திரத் தகட்டை முதல்ல வாங்கி வச்சுக்கறேன். குளத்தை அப்புறம் வெட்டிக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் அவரை முன்யோசனைக்காரர் என்று பாராட்டினார்கள்.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் ஒரு சின்னக் குளம் உண்டு. முதல் வீட்டுக்காரர் வெட்டினார். அவர் வெட்டிவிட்டாரே என்று மற்றவர்கள் வெட்டினார்கள். குளம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வண்ணமீன்கள். தெரு முழுக்க இப்படிப் பரிமாறி வைத்திருந்தால் கொக்கு வராமல் என்ன செய்யும்? வந்தது. வந்து ருசி பார்த்துவிட்டுப் போய், தன் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மேலே வலை கட்டலாம். குளத்தை ஆழமாக்கலாம். மீன் ஓடி ஒளிய அடியில் குழாய்த் துண்டு போட்டு வைக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் குனிய வேண்டும், கை நனைய வேண்டும். கொக்குக்கட்டியாரிடம் போனால் தலையை ஆட்டினால் போதும்.

கொக்குக்கட்டியார் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். கடல் நீலத்தில் உடுத்தியிருப்பார். ஒரு செப்புத் தகட்டைக் குளத்தோரம் புதைப்பார். பிறகு குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் வாயை வைத்து என்னவோ சொல்வார். குமிழி வரும். குமிழி பெரிதாக வந்தால் கட்டு பலமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கொக்குக்கு ஒரு கட்டணம். மீன்கொத்திக்குத் தனி. நீர்க்காகமும் தண்ணீர்ப்பாம்பும் சேர்த்துக் கட்டினால் சலுகை உண்டு. பூனை மட்டும் அவர் எல்லைக்குள் வராது. அதற்கு வேறு ஆளாம்.

"வலை இருந்தா எடுத்துடணும்" என்பார். "காவலுக்கு ஆளைப் போட்டுட்டு நாமளும் கம்பெடுத்துக்கிட்டு நின்னா, அந்த ஆளுக்கு என்ன மரியாதை? அப்புறம், விடியற நேரத்துலதான் தகடு வேலை செய்யும். அப்ப மட்டும் யாரும் குளத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தா கட்டு அவிழ்ந்துடும்."

"மீன் குறையவே குறையாதுங்களா?"

"குறையாது. குறைஞ்சா, அந்த வீட்டுல மனசு சுத்தமில்லாத ஆள் யாரோ இருக்காங்கன்னு அர்த்தம். அதுக்கு என் தகடு என்ன பண்ணும்?"

கொக்கு சாப்பிட வருவது விடியற்காலையில். குளத்தைப் பார்க்கக் கூடாத நேரமும் அதுதான். கொக்குக்கு இதைவிட நல்ல வக்கீல் எந்த ஊரிலும் கிடைத்திருக்க மாட்டார்.

முன்வரிசையில் நின்று தலையாட்டியவர்களில் ஒருவர் பல் டாக்டர். படித்தவர். கை கழுவாமல் ஒரு பல்லைத் தொட மாட்டார். கொதிக்க வைத்த கருவியையே மறுபடியும் கொதிக்க வைக்கச் சொல்வார். ஆனால் அந்தச் சந்தேகமெல்லாம் வேலை நேரத்தில் மட்டும். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அறிவையும் சேர்த்து மாட்டிவிட்டு வந்துவிடுவார். நாள் முழுக்க வாயில் பஞ்சு அடைத்த மனிதர்களிடம் பேசியே பழகியவர். தான் சொன்னதை இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை என்பதால், தான் சொல்வது எப்போதும் சரி என்று நம்பினார்.

அவர் மனைவியின் வேலை இதற்கு நேர்மாறு. இன்சூரன்ஸ் கம்பெனியில், கடை எரிந்துபோச்சு, கார் காணாமல் போச்சு என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து, எரிந்ததா, எரித்தீர்களா என்று கேட்கிற வேலை. அழுகிறவர்களையும் ஆத்திரப்படுகிறவர்களையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்பாள். வீட்டில் இது கொஞ்சம் தொல்லைதான்.

அவர்கள் குளத்தில் ஒரு மீன் இருந்தது. பெயர் பெரியவர். கல்யாணமான புதிதில் சுண்டுவிரல் நீளத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் வாங்கிவந்தது, ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ஆரஞ்சு உடம்பு, வெள்ளை நெற்றி, வாயோரம் தொங்குகிற மீசை. அந்த மீசைக்காகத்தான் அந்தப் பெயர். சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்தோரம் போய் நிற்பாள். பெரியவர் மேலே வந்து வாயைத் திறப்பார். அன்றைக்குக் கேட்ட பொய்களையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க டாக்டருக்கே ஆசையாக இருக்கும்.

குளத்தின் அடியில் குழாய்த் துண்டு போட்டு, மேலே வலை கட்டியவளும் அவள்தான். தலைமை அலுவலகத்தில் பயிற்சி என்று இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தாள். கேட்டிருந்தால் "தொடாதீங்க" என்றிருப்பாள். டாக்டர் அதனால்தான் கேட்கவில்லை. தகடு புதைக்கப்பட்டது. குமிழி வந்தது. வலையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் குளத்தில் இரண்டு குட்டி மீன்கள் மட்டும் குழாய்க்குள் பதுங்கியிருந்தன. பெரியவர் இல்லை. கரையில் ஆரஞ்சு நிறச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. 

மீன் குறைந்துவிட்டது. அப்படியென்றால் வீட்டில் மனசு சுத்தமில்லாத ஆள் இருக்கிறது. வீட்டில் இருந்ததோ அவர் ஒருவர்தான். உட்கார்ந்து யோசித்தார். அவசரப்பட்டுப் பிடுங்கிய ஒரு கடைவாய்ப்பல் நினைவுக்கு வந்தது. நர்ஸம்மாவிடம் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. கொக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். நேராக வண்ணமீன் கடைக்கு ஓடினார். அங்கே தெருச் சங்கத் தலைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையை மறைத்தபடி நின்றார். பாட்டு டீச்சர் கைப்பைக்குள் ஒரு பையைத் திணித்துக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தம்பி பொண்ணுக்குப் பிறந்தநாள்" என்றார் பாட்டு டீச்சர், யாரும் கேட்காமலே.

"எனக்கும் அதேதான், மச்சினன் பையனுக்கு" என்றார் தலைவர். "உங்க குளத்துல எல்லாம் நல்லா இருக்குதா டாக்டர்?"

"ஒண்ணுகூடக் குறையல. உங்க வீட்டுல?"

"அட, கூடிடுச்சுன்னு சொல்லலாம்."

ஒருவர் சொன்னதை மற்றவர்கள் அப்படியே நம்பினார்கள். தன்னைத் தவிர தெருவில் எல்லார் மனசும் சுத்தம் என்று மூன்று பேரும் தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

கடைக்காரரிடம் பெரிய மீன் இல்லை. குட்டித் தங்கமீன்தான் இருந்தது. தெருவிலிருந்த குளங்களிலெல்லாம் ஒரே வாரத்தில் மீன்கள் சின்னதாகிப்போயின. யாராவது ஒருவர் கேட்டுவிடுவாரோ என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தபோது, கொக்குக்கட்டியாரே வந்து காப்பாற்றினார். குளங்களைச் சுற்றிப் பார்த்தார். கண்ணை மூடினார். "தகடு நல்லா ஏறிடுச்சு. மீனெல்லாம் இளமைக்குத் திரும்புது" என்றார்.

தெருவே மூச்சு விட்டது. பாட்டு டீச்சர் மறுநாளிலிருந்து குளத்துத் தண்ணீரில் முகம் கழுவ ஆரம்பித்தார். தலைவர் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீரைத் தலையில் தேய்த்துக்கொண்டு நடந்தார். அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி ஊரிலிருந்து திரும்பினாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

"பெரியவர் எங்க?"

"அதோ, அந்த இலைக்குப் பக்கத்துல."

அவள் குனிந்து பார்த்தாள். விரல் நீளத்தில் ஒரு தங்கமீன் ஓடியது.

"இது பெரியவர் இல்லையே."

"அவரேதான்மா. தகடு போட்டதுல இளமையாயிட்டார்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கடையைத் தானே கொளுத்திவிட்டு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை அவள் பார்க்கிற பார்வை அது. டாக்டர் அதை முதல்முறையாக எதிரில் நின்று பார்த்தார்.

"மீசை எங்க?"

"இளமைன்னா மீசை இருக்காது இல்ல? எனக்கே பதினெட்டு வயசுலதான் முளைச்சுது."

"நான் வாங்கிட்டு வரும்போதே அவருக்கு மீசை இருந்துது" என்றாள். "சரி, பெரிய மீன் சின்னதாகிறதை நீங்க பார்த்தீங்களா?"

"விடியற நேரத்துல பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"வலையை யார் எடுத்தது?"

டாக்டர் வாயைத் திறந்தார். பஞ்சு அடைத்த மாதிரி ஒன்றும் வரவில்லை. கடைசியில், "நான்தான்" என்றார்.

அவள் கத்தவில்லை. குளத்தோரம் உட்கார்ந்து அழுதாள். ஒரு மீனுக்காக அழுகிறாளே என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லாமல் நின்றார்.

மறுநாள் விடியும்போது அவரை உலுக்கி எழுப்பிக் குளியலறை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். அவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். "திறங்க" என்றாள். திறந்தார். தகடு புதைத்த இடத்தின் மேலேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொக்கு நின்றது. குளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. புதுப் பெரியவரைக் கொத்தி விழுங்கியது. பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் பறந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் டாக்டர். அப்புறமும் விடவில்லை. "ஆனா நம்ம மனசு சுத்தமா இருந்திருந்தா…"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். "சரி. மனசு சுத்தமானவர் ஒருத்தர்கிட்டயே பார்த்துடுவோம்."

சங்கத் தலைவரிடம் போய், கொக்குக்கட்டியாருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தலாம் என்றாள். தலைவருக்கு விழா என்றால் பசிகூட மறந்துவிடும். அதிகாலையில், தகடு வேலை செய்கிற நேரத்திலேயே நடத்துவதுதான் மரியாதை என்றாள். அதுவும் சரியென்று பட்டது. சங்கக் கூடத்துக்கு வெளியே புல்தரையில் ஒரு பெரிய தொட்டி வைத்து, வண்ணமீன் விட்டு, அதைக் கொக்குக்கட்டியாருக்கே பரிசாகக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னாள்.

தொட்டியை முந்தின வாரமே வைத்துவிட்டாள். மேலே தன் பழைய வலையைக் கட்டினாள். டாக்டர் ஒரு முனையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கொக்கு தினமும் வந்தது, தொட்டியைச் சுற்றி நடந்தது, வலையைப் பார்த்தது, போனது. தினமும் போய் மீன்களை எண்ணியவர் டாக்டர்தான். தகடும் இல்லை, குமிழியும் இல்லை, எந்த மனசு எப்படி இருக்கிறதென்றும் யாரும் கேட்கவில்லை. ஒரு மீனும் குறையவில்லை.  டாக்டரின் முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

விழா நாள் வந்தது. புல்தரை நிரம்பி வழிந்தது. தொட்டிக்கு மீன் தந்த கடைக்காரரும் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். கொக்குக்கட்டியார் நீலத்தில் நடந்து வந்தார். தொட்டியோரம் தகடு புதைத்தார். வலையின் ஓரத்தை ஒதுக்கி, வாயைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

டாக்டரின் மனைவி எழுந்தாள். "ஐயா, வலையை எடுத்துடலாங்களா? உங்க கட்டு மேல எங்களுக்கு முழு நம்பிக்கை."

"எடுத்துடுங்கம்மா."

"இந்தத் தொட்டி இனிமே உங்களுது. மீனும் உங்களுது. மனசு சுத்தமில்லாத வீட்டுலதான் மீன் குறையும்னு சொன்னீங்க. உங்களைவிடச் சுத்தமானவங்க யாருங்க இருக்காங்க?"

கூட்டம் மறுபடியும் கைதட்டியது. கொக்குக்கட்டியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "விடியற நேரத்துல யாரும் பார்க்கக் கூடாதே…" என்றார்.

"நாங்க யாரும் பார்க்கலைங்க. கூடத்துக்குள்ள திரும்பி உட்கார்ந்துக்கறோம். கட்டு போட்டவர் நீங்க, வாசல்ல உட்கார்ந்து பாருங்க."

இத்தனை கூட்டத்துக்கு நடுவில் கொக்கு எங்கே வரப்போகிறது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்ற எல்லாரும் கூடத்துக்குள் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். 

அந்தக் கூடத்தில்தான் தெருக் குழந்தைகள் நடனம் பழகுவார்கள். எதிர்ச்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் புல்தரை தெரிந்தது. புல்தரையில் தொட்டி தெரிந்தது. யாரும் திரும்பவில்லை. விதியை யாரும் மீறவில்லை.

கொக்கு வந்து இறங்கியது. வழக்கம்போல் தொட்டியைச் சுற்றி நடந்தது. வலை இல்லை என்று கண்டது. நிதானமாக ஒரு மீனை எடுத்தது.

கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறதோ, இதுவும் தன் மனசு சுத்தமில்லாததன் கோளாறோ என்று ஒவ்வொருவரும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கு இரண்டாவது மீனை எடுத்தது.

டாக்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "கொக்கு மீனைத் தின்னுது" என்றார் உரக்க. அவர் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளிலேயே எளிமையானது அதுதான். 

அதே நேரத்தில் வாசலிலிருந்து, "ஏய், போ, போ" என்று சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். கொக்கின் வாயைக் கட்டியவர் தோளிலிருந்த நீலத் துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தார். தகட்டுக்கு அசையாத கொக்கு துண்டுக்கு அசைந்தது. மூன்றாவது மீனை வாயில் வைத்துக்கொண்டே பறந்தது.

வண்ணமீன் கடைக்காரர் பதறிப்போய் வெளியே ஓடினார். "அத்தான், விடுங்க அத்தான். மூணு மீன்தானே, கடையில நிறைய இருக்கு" என்றார்.

சொன்ன பிறகுதான் தெரு முழுக்கத் தன்னைப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அக்காள் புருஷன் கொக்குக்கு வழிவிட, தம்பி மீன் விற்க, குடும்பத் தொழில் நன்றாகத்தான் நடந்திருக்கிறது.

"ஐயா" என்றாள் டாக்டரின் மனைவி. "தொட்டி உங்களுது. மீன் உங்களுது. மூணு குறைஞ்சுடுச்சு. இப்ப யார் மனசு சுத்தமில்ல?"

கொக்குக்கட்டியாரின் வாயை யாரோ கட்டிவிட்டார்கள்.

முதலில் பாட்டு டீச்சர் எழுந்தார். "எங்க வீட்டுல ஒண்ணுகூட மிஞ்சல. எல்லாம் கடையில வாங்கி விட்டது" என்றார். பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். தலைவர் தலைமுடியைத் தடவியபடி சொன்னார். இத்தனை நாளாகச் சுமந்த வெட்கத்தை இறக்கி வைத்ததில் சிலர் சிரித்தார்கள், சிலர் அடிக்கப் பாய்ந்தார்கள். அத்தானும் மைத்துனனும் வாங்கியதைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு, தொட்டியைப் பரிசாக எடுத்துக்கொள்ளாமலே கிளம்பினார்கள்.

டாக்டர் எல்லார் முன்னாலும் மனைவியிடம், "வலையை எடுத்தது நான். பெரியவர் போனதுக்கு என் மனசு காரணமில்ல. என் புத்திதான் காரணம்" என்றார்.  அன்று சாயங்காலம் அவர் தொட்டியிலிருந்து எடுத்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, குளத்தின் மேல் கட்ட வந்தபோது, மறுமுனையை அவள் பிடித்தாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் தெருவுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். வலை கட்டிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அப்பால் தலைவரின் தலை தெரிந்தது.

"டாக்டர், ஒண்ணு கவனிச்சீங்களா? தகடு பொய்தான். ஒத்துக்கறேன். ஆனா அந்தத் துண்டைப் பார்த்ததும் கொக்கு எப்படி ஓடுச்சு பார்த்தீங்க இல்ல? நீலத்துக்குத்தான் ஏதோ சக்தி இருக்கு. கடைத்தெருவுல நீலத் துண்டு வேகவேகமா தீர்ந்துக்கிட்டிருக்காம். உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?"

டாக்டர் வலையின் முடிச்சை இறுக்கினார். மனைவி என்ன சொல்வாள் என்று பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்தாள்.

"துண்டைப் பார்த்து ஓடுச்சா, துண்டைச் சுத்திக்கிட்டு ஓடி வந்த ஆளைப் பார்த்து ஓடுச்சா?" என்றார் டாக்டர். "நீங்க பார்த்தீங்களா?"

தலைவர் துண்டு வாங்கப் போனார்.

மறுநாள் காலையில் தெருவில் டாக்டர் வீட்டைத் தவிர எல்லாக் குளத்தின் மேலும் நீலத் துண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. கொக்கு வந்தது. ஒவ்வொரு குளத்திலும் இறங்கும் முன் சுற்றி நடந்து, தலையைச் சாய்த்து, வலை இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டது. பட்டாணி அளவு மூளையை வைத்துக்கொண்டு அது இவ்வளவு செய்கிறது. அதைவிடப் பெரியதைத் தலைக்குள் வைத்திருப்பவர்களே, தினமும் ஒருமுறையாவது அதை எடுத்து உபயோகித்துப் பாருங்கள், தேய்ந்துவிடாது.